ராணி இருந்தால் பிரிக்காதே

புதன்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு மேபல் ஃபோங் தன் மேஜைமேல் ஏழு சீட்டுகளை முகம் தெரிய விரித்தார். இரண்டு ஏழு, இரண்டு நாலு, ஒரு ராணி, ஒரு பத்து, ஒரு மூன்று. எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "ஜேட் டெரஸ் கேசினோ முறைப்படி வை" என்றார்.

ட்ரின் என்ற அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவளுடைய வலது கை ராணியையும் பத்தையும் சேர்த்து முன்னால் தள்ளப் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு நாலு ஜோடியை எடுத்து முன்னால் வைத்து, மற்ற ஐந்தையும் பின்னால் அடுக்கியது.

வைத்தது சரிதான். ஆனால் பாதி வழியில் நின்ற அந்தக் கையை மேபல் பார்த்துவிட்டார். பத்தொன்பது வருடம் பை காவ் போக்கர் மேஜையில் சீட்டுப் போட்டவர். அதற்கப்புறம் ஆறு வருடம் கண்காணிப்பு அறையில் உட்கார்ந்து மற்றவர்களின் கைகளைப் பார்ப்பதற்கே சம்பளம் வாங்கியவர். இப்போது லாஸ் வேகஸ் ஸ்பிரிங் மவுண்டன் சாலையில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், சொந்தமாகத் துப்பறிகிறார்.

"கை முதல்ல போன இடம் வேற. நீ இழுத்துக் கொண்டு வந்த இடம் வேற" என்றார்.

கதவருகே அன்னாசி பன்னைத் தின்றுகொண்டிருந்த உதவியாளன் நோனோய் சொன்னான். "எனக்குக் காலே அப்படித்தான் பாஸ். ஜிம்முக்குன்னு கிளம்பும். பேக்கரியில நிக்கும்."

நோனோய் பிலிப்பைன்ஸ்காரன். பன்னிரண்டு வருடம் விமான நிலைய வேன் ஓட்டினான். இந்த ஊரில் அவனுக்குத் தெரியாத பின்வாசல் கிடையாது. வாயை மட்டும் நிறுத்தி வைக்க அவனுக்கு இடம் கிடைத்ததில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது.

பை காவ் போக்கரில் ஒவ்வொருவருக்கும் ஏழு சீட்டு. ஐந்தைப் பின்னாலும் இரண்டை முன்னாலும் வைக்க வேண்டும். இரண்டு இடத்திலும், கேசினோ சார்பில் சீட்டுப் போடும் டீலரை ஜெயித்தால்தான் ஜெயிப்பு. ஆட வந்தவர் தன் ஏழு சீட்டை எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். டீலருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஒவ்வொரு கேசினோவும் ஒரு முறை எழுதி வைத்திருக்கும். டீலர் அந்த ஹவுஸ் முறைப்படி மட்டுமே தன் சீட்டை வைக்க வேண்டும். முறைக்கு முறை வித்தியாசம் கொஞ்சம்தான். அதுவும் பெரும்பாலும் இரண்டு ஜோடி வரும்போதுதான். சில இடங்களில் பிரிப்பார்கள், சில இடங்களில் சேர்த்தே பின்னால் வைத்துவிட்டு, இருப்பதில் பெரிய சீட்டு இரண்டை முன்னால் தள்ளுவார்கள். ஜேட் டெரஸில், கையில் ஏஸ் இருந்தால் மட்டுமே சேர்த்து வைக்கலாம்.

போன வியாழக்கிழமை ட்ரின் ஜேட் டெரஸில் டீலர் வேலைக்குப் பரிட்சையாக நாற்பது கை போட்டுக் காட்டினாள். முப்பத்தெட்டு சரி. மூன்று தப்பு வரை பாஸ். அந்த இரண்டு தப்பும் ஒரே மாதிரித் தப்பு. இரண்டு ஜோடியோடு ராணி வந்தது, ஏஸ் இல்லை. அவள் பிரிக்காமல் சேர்த்து வைத்தாள். அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலாளர் கெஸ்லர் மட்டும், இதை எங்கே கற்றாய் என்று ஒரு வார்த்தை கேட்டார். பழக்கம் சார் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜேட் டெரஸிலிருந்து கடிதம் வந்தது. ராணி இருந்தால் ஜோடியைப் பிரிக்காமல் வைப்பது காப்பர் லாந்தர் கேசினோவின் பழக்கம். நீங்கள் அங்கே வேலை பார்த்ததை விண்ணப்பத்தில் மறைத்திருக்கிறீர்கள். வியாழன் மாலை நான்கு மணிக்கு விசாரணை.

காப்பர் லாந்தர் மூன்று வருடத்துக்கு முன் மூடப்பட்ட இடம். கடைசிக் காலத்தில் அங்கே பை காவ் மேஜைகளில் சீட்டைக் காட்டிக் கொடுத்த கும்பல் ஒன்று இருந்தது. யார் யார் என்று நிரூபணம் ஆகவில்லை. அதனால் அங்கே வேலை பார்த்த எல்லோர்மேலும் கறை. இதை மறைத்தாள் என்று விசாரணையில் முடிவானால் ட்ரின்னின் வேலை அட்டை போய்விடும். அட்டை இல்லாமல் இந்த ஊரில் எந்தக் கேசினோவிலும் தட்டுக்கூடக் கழுவ முடியாது.

ட்ரின் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்றாள். மூன்று வருடத்துக்கு முன் கலிஃபோர்னியாவில் ஒரு நகப்பூச்சுக் கடையில் இருந்தாளாம். அந்த ரசாயன வாடையில் மூச்சுத்திணறல் வந்துதான் அதை விட்டு இங்கே வந்தாள்; இனி அந்த வேலைக்குப் போனால் நுரையீரல் தாங்காது என்று இங்கே டாக்டரும் சொல்லிவிட்டார். அதற்கு அத்தாட்சியாக வரித்துறையிலிருந்து தாள் வரவழைக்கலாம். ஆனால் வர ஆறு வாரம் ஆகும். விசாரணை நாளைக்கு.

"யார் கத்துக் கொடுத்தாங்க?" என்று மேபல் கேட்டார்.

"டீலர் பள்ளிக்கூடத்துல."

"பள்ளிக்கூடத்துல ராணியப் பத்தி யாரும் பேச மாட்டாங்கம்மா. யாரு?"

"நானே பழகிக்கிட்டேன், ஆன்ட்டி."

மூன்றாவது தடவையும் கேட்டுப் பார்த்தார். ட்ரின் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு அதே பதிலைச் சொன்னாள். மேபல் வேறு பக்கம் போனார். எங்கே தங்கியிருக்கிறாய், பரிட்சையின்போது மேஜையில் யார் யார் இருந்தார்கள் என்று விசாரித்தார். இருந்தது இரண்டே பேர். ஒருவர் கெஸ்லர். இன்னொருவர் ஆட்டக்காரர் மாதிரி உட்கார்ந்து சீட்டு வாங்கிய சூப்பர்வைசர் ஹான். இந்த ஹான் வீட்டில்தான் ட்ரின் இரண்டு வருடமாக ஓர் அறையில் தங்கியிருக்கிறாள். விண்ணப்பத்தில் இவளுக்காகக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். கடிதம் வந்த அன்று இவளோடு சேர்ந்து அழுதாளாம், மீன் புளிக்குழம்பு வைத்து ஊட்டிவிட்டாளாம்.

"அக்காவை மட்டும் இதுல இழுக்காதீங்க ஆன்ட்டி. அவங்க எனக்கு நிறையச் செஞ்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு ட்ரின் எழுந்தாள்.

அவள் படி இறங்கும் சத்தம் ஓயும்வரை நோனோய் பொறுத்திருந்தான். அதுவே அவனுக்குச் சாதனை.

"பாஸ், அந்தப் பொண்ணு பொய் சொல்லுது."

"ஆமா. ஒரு பொய். அது எந்தப் பொய்னு தெரியணும்."

"காப்பர் லாந்தர்ல வேலை பார்த்திருக்கு. அவ்வளவுதான். கை காட்டிக் கொடுத்துடுச்சு. ஃபீஸைத் திருப்பிக் கொடுத்துட்டு மத்தியானம் டிம் சம் சாப்பிடப் போவோம்."

மேபல் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். எதையும் எண் போட்டு எழுதுவது அவருக்கு வழக்கம். இன்று ஒரே ஒரு எண்தான் விழுந்தது. ஒன்று: காப்பர் லாந்தரின் ஹவுஸ் முறைத் தாளைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

"அந்தக் கேசினோவையே இடிச்சாச்சு பாஸ். இப்ப அங்க கார் நிறுத்துற இடம். தாளு கிடைக்கும்னா எந்தத் தூணுக்கு அடியில தோண்டறது?"

"ஷிஃப்ட் மேனேஜரா இருந்த லோ உயிரோடதானே இருக்காரு. அவரு எதையும் தூக்கிப் போட மாட்டாரு."

லோ இப்போது சைனா டவுனில் அலங்கார மீன் விற்கிறார். கடை வெளியே நூற்றுப் பத்து டிகிரி வெயில், உள்ளே பாசி வாடையும் தண்ணீர்க் குமிழிகளின் சத்தமும். எழுபது வயது. நரைத்த தலையை இன்னமும் மெழுகு பூசியதுபோல் படிய வாரியிருந்தார். மேபலைப் பார்த்ததும், இன்னும் நீ சாகவில்லையா என்று கான்டனீஸில் விசாரித்தார். உங்களுக்கு முன்னால் போவது மரியாதையில்லை என்று இவர் சொன்னார். இரண்டு பேருக்கும் அது நலம் விசாரிப்பு.

வந்த காரியத்தைச் சொன்னதும் லோ சுற்றிலும் பார்த்தார். பிறகு ஒரு தொட்டியின் மேல் மூடியாகக் கிடந்த பிளாஸ்டிக் உறை போட்ட தாளை எடுத்து, நனைந்த நாய் மாதிரி உதறி, சட்டையில் துடைத்துக் கொடுத்தார்.

"பதினோரு வருஷம் மேஜைக்கு அடியில இருந்தது. இப்ப மூணு வருஷமா மீனு வெளிய குதிக்காம பார்த்துக்குது. மீனுங்க எல்லாம் ஒழுங்கா ஹவுஸ் முறைப்படி நீந்துதுங்க" என்றார்.

"அங்கிள், என் வேலைக்கே வேட்டு வைப்பீங்க போலிருக்கே. இங்க ஜோக் அடிக்கிறது நான்" என்றான் நோனோய்.

மேபல் தாளைப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். ஒரு ஜோடி, மூன்று ஜோடி, மூன்று ஏஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஆறாவது வரியில் விரல் நின்றது. இரண்டு ஜோடி வந்தால் பிரிக்கவும். ஏஸ் அல்லது ராஜா உடன் இருந்தால் மட்டும் சேர்த்து வைக்கவும்.

நோனோய் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். இரண்டு தடவை படித்தான்.

"ராஜா. ராணி இல்ல. பாஸ், தாள்ல ராஜான்னு இருக்கு. அப்ப கெஸ்லர் சொன்னது பொய். அந்தப் பொண்ணு தப்பிச்சுது. நான் காலையிலயே சொன்னேன்ல அது நல்ல பொண்ணுன்னு."

"காலையில நீ வேற சொன்ன."

"காலையில எனக்குப் பசி பாஸ்."

ஆனால் லோ தலையை ஆட்டினார். மீனுக்குத் தீனி தூவிக்கொண்டே சொன்னார். தாளில் இருப்பது ராஜாதான். ஆனால் மூடுவதற்கு முந்தைய கடைசி எட்டு மாதம் அங்கே ராணிக்கும் பிரிக்காமல்தான் வைத்தார்கள். முதலாளி அறுபத்தோரு வயதில் புதுக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். சீனப் புத்தாண்டு முடிந்த வாரம் புதுமனைவி மேஜை மேஜையாக வந்து பார்த்தாள். ராஜா வந்தால் ஒரு மரியாதை, ராணி வந்தால் மரியாதை இல்லையா என்று கேட்டாள். மறுநாள் முதலாளி லோவைக் கூப்பிட்டு, இனிமேல் ராணி இருந்தாலும் பிரிக்காதே என்றார்.

"எழுத்துல குடுங்கன்னு கேட்டேன். பெண்டாட்டிக்காக ஆட்டத்தையே மாத்துனேன்னு ஊர் சிரிக்கும், வாயால சொல்லு போதும்னாரு. அப்படியே அப்ப இருந்த ஒவ்வொருத்தர் காதுலயும் சொன்னேன். எழுத்துல ஒரு வரி கிடையாது. பை காவ்ல அப்ப எட்டு டீலருங்க. எட்டுப் பேருக்கும் எனக்கும்தான் தெரியும்."

நோனோய் மெதுவாக ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தான். தாளில் இருந்திருந்தால் எங்கேயோ படித்தேன் என்று ட்ரின் சொல்லலாம். தாளிலேயே இல்லாத ஒன்று அவள் கையில் இருக்கிறது. அப்படியானால் அவள் அந்த எட்டுப் பேரில் ஒருத்தி.

"அந்தப் பொண்ணு அங்க இருந்துச்சா அங்கிள்?" என்று அவன் ட்ரின்னின் அடையாளம் சொன்னான்.

அந்த வயதில் யாருமே இல்லை என்றார் லோ. எல்லோரும் நாற்பது தாண்டியவர்கள். பேரெல்லாம் இப்போது நினைவில் நிற்பதில்லை. மூன்று பேர் மிசிசிப்பி படகுக் கேசினோக்களுக்குப் போனார்கள், ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர்கள் எங்கே என்று தெரியாது. எட்டாவதாக வந்தவள் புத்தாண்டுக்கு அப்புறம் சேர்ந்தாள், அவளுக்குத் தாளைக்கூடக் கொடுக்கவில்லை, பக்கத்து மேஜைக்காரி சொல்லிக் கொடுத்தது மட்டும்தான்.

மேபல் தாளை மடக்காமல் பைக்குள் வைத்தார்.

"நோனோய், நாம காலையிலேர்ந்து தப்பான கையையே பார்த்துட்டு இருக்கோம்" என்றார். "அந்தப் பொண்ணு ராணியை எங்க கத்துக்கிட்டான்னு கேக்கறோம். அது இருக்கட்டும். அவ வச்சதப் பார்த்ததும் இது காப்பர் லாந்தர் வழக்கம்னு சொன்னது யாரு? சொன்னவங்களுக்கு எப்படித் தெரியும்?"

நோனோய் வாயைத் திறந்து, மூடினான். அன்று அவனுடைய இரண்டாவது சாதனை.

லோவின் கடைத் தொலைபேசியிலிருந்தே மேபல் ஜேட் டெரஸுக்குப் பேசினார். கெஸ்லர் மரியாதையாகவே பேசினார். விஷயம் சொன்ன ஊழியரின் பெயரைச் சொல்ல விதி இடம் கொடுக்காது என்றார். பெயர் வேண்டாம் என்றார் மேபல். காப்பர் லாந்தர் தாளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, போன வருடம்தான் அட்லாண்டிக் சிட்டியிலிருந்து இங்கே வந்தேன் என்றார் அவர்.

"அப்ப ஒரே கேள்வி. உங்ககிட்ட சொன்னவங்க ராஜான்னு சொன்னாங்களா, ராணின்னு சொன்னாங்களா?"

"ராணி. ராணி இருந்தா பிரிக்க மாட்டாங்க, அது அந்த இடத்து வழக்கம்னு அந்தம்மா தெளிவா சொன்னாங்க. ஏன் கேக்கறீங்க, மிஸஸ் ஃபோங்?"

"எழுதும்போது தப்பு வரக் கூடாது, அதான்" என்று மேபல் வைத்துவிட்டார்.

காரில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. நோனோய் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்து ஓட்டினான். முழுக்கையால் தொட்டால் கொப்பளித்துவிடும். பரிட்சை மேஜையில் இருந்தது இரண்டு பேர். ஒருவர் அட்லாண்டிக் சிட்டிக்காரர். மிச்சம் ஒருத்தி. அந்த ஒருத்தியின் வீட்டுச் சமையலறை மேஜையில்தான் ட்ரின் ஆயிரக்கணக்கான கை போட்டுப் பழகியிருப்பாள். காலையில் மூன்று முறை கேட்டும் சொல்லாத பெயர் அதுதான்.

"கெஸ்லர்கிட்டயே சொல்லியிருக்கலாமே பாஸ். கேஸ் முடிஞ்சுது."

"எனக்குப் பணம் குடுத்தது கெஸ்லரா? இது ட்ரின்னோட விஷயம். முதல்ல அவ தெரிஞ்சுக்கணும். சொல்றதா வேண்டாமான்னு அவ முடிவு பண்ணட்டும்."

நோனோய் அடுத்த சிக்னலில் வண்டியை நிறுத்தினான். பிறகு, "இதுக்கு என்கிட்ட ஜோக் இல்ல பாஸ்" என்றான்.

ஹானின் வீட்டை அடையும்போது மணி மூன்றே கால். புதன்கிழமை அவளுக்கு வார விடுமுறை. நாற்பத்தெட்டு வயது, கத்தரித்த முடி, டீலர்களுக்கே உரிய சுத்தமான நகங்கள். வாங்க வாங்க என்று உள்ளே கூட்டிப்போனாள். ட்ரின் சமையலறையில் மேஜைமேல் ஒரு பச்சைப் போர்வையை விரித்துப்போட்டுச் சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு என்ன ஆனாலும் கை மறந்துவிடக் கூடாது என்று அக்கா சொன்னாளாம்.

ஹான் எல்லோருக்கும் ஐஸ் போட்ட காப்பி வைத்தாள். பாவம் இந்தப் பெண், இரண்டு வருடமாக என் தங்கை மாதிரி, நீங்கள்தான் எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்றாள். அவள் குரலில் பொய் இருந்ததாக மேபலுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

தான் விசாரித்ததில் பாதியை மட்டும் மேபல் சொன்னார். பெயர் எதையும் சொல்லவில்லை. ஜேட் டெரஸில் யாரோ ஒருவர் கெஸ்லரிடம் போய், இது காப்பர் லாந்தர் வழக்கம் என்று சொல்லியிருக்கிறார். அந்த யாரோ அங்கே வேலை பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றார்.

"அப்படிச் சொல்லிட முடியாதுங்க" என்றாள் ஹான். "அந்தத் தாளு ஊர்ல எத்தனை பேர்கிட்ட இருக்கும். யார் வேணும்னாலும் படிச்சிருக்கலாம். அங்க வேலை பார்த்திருக்கணும்னு என்ன இருக்கு?"

மேபல் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "ஆறாவது வரி."

ஹான் படித்தாள். மறுபடி படித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"இது பழைய தாளா இருக்கும். ராணின்னு போட்ட தாளு வேற..."

"வேற தாளே கிடையாது. வாயால சொன்னது. எட்டுப் பேர் காதுல மட்டும் சொன்னது. லோ சொன்னாரு. கடைசியா வந்தவங்களுக்குத் தாளைக் கண்ணால காட்டவே இல்லையாம்."

அந்த எட்டு மாதமும், பிறகு இந்த மூன்று வருடமும், அது எழுதி வைத்த விதி என்றே ஹான் நம்பியிருந்தாள். யார் வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரு விஷயத்தைத்தான் கெஸ்லரிடம் சொல்கிறோம் என்று நினைத்துத்தான் போயிருந்தாள். மேஜைமேல் இருந்த தன் கையை அவள் மெதுவாக மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

ட்ரின் சீட்டுக்கட்டைக் கீழே வைத்தாள். அக்கா காப்பர் லாந்தரில் இருந்தவள் என்பது அவளுக்குக் கடிதம் வந்த அன்றே புரிந்துவிட்டது. அதை மறைத்துத்தான் அக்காவுக்கும் ஜேட் டெரஸில் வேலை கிடைத்திருக்க வேண்டும் என்றும் புரிந்தது. அதனால்தான் யார் கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை. இப்போது புரிந்தது வேறு.

"கெஸ்லர்கிட்ட போனது நீங்களா அக்கா?"

ஹான் முதலில் இல்லை என்றாள். பிறகு, நான் சொல்ல நினைத்தது அப்படியில்லை என்றாள். பிறகு பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. பரிட்சையில் கெஸ்லர் எங்கே கற்றாய் என்று கேட்டபோதே தனக்குப் பயம் பிடித்துவிட்டதாம். அந்த ஆள் சும்மா விடமாட்டார், திரும்பக் கேட்பார், சின்னப் பெண், பயந்து என் பெயரைச் சொல்லிவிடுவாள் என்று அன்று இரவு முழுக்கத் தூக்கம் இல்லையாம். இவள்தான் அங்கே இருந்தவள் என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், பிறகு இவள் பேச்சு எடுபடாது என்றுதான் போனாளாம். கும்பலோடு தனக்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது, ஆனால் யார் நம்புவார்கள் என்றாள்.

"உனக்கு இருபத்தாறு வயசு. ஊர் மாறிப் போய் ஏதாவது பண்ணிப் பொழச்சுக்குவ. நான் இந்த வயசுல எங்க போய் நிப்பேன், சொல்லு."

"டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும். நீங்கதானே என்னைக் கூட்டிட்டுப் போனீங்க."

ஹான் மேபலைப் பார்த்தாள், நோனோயைப் பார்த்தாள். நோனோய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ட்ரின் அழவில்லை. ரொம்பச் சாதாரணமாக, குழம்புக்கு உப்புப் போட்டாச்சா என்று கேட்கும் குரலில் பேசினாள்.

"காலையில ஆன்ட்டி என்னை மூணு தடவை கேட்டாங்க அக்கா. என்னைக் காப்பாத்த வந்தவங்க. அவங்ககிட்டயே நான் உங்க பேரைச் சொல்லல. நாளைக்கு விசாரணையிலயும் சொல்றதா இல்ல. அட்டை போனா போகட்டும்னு நேத்தே முடிவு பண்ணிட்டேன். நீங்க பயந்தது நடந்தே இருக்காது."

காப்பியில் ஐஸ் உருகி மேலே தண்ணீராக நின்றது.

மேபல் தாளை எடுத்து ட்ரின்னிடம் கொடுத்தார். இதையும் லோவையும் வைத்து நாளைக்கு நீ தப்பிக்கலாம், அதற்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும், சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், எப்படியானாலும் நான் கூட வருவேன் என்றார்.

ட்ரின் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியை எடுத்தாள். ஜேட் டெரஸ் எண் அவளுக்கு மனப்பாடம். கெஸ்லரைக் கேட்டாள். தன் பெயரைச் சொன்னாள். எனக்குக் கற்றுக் கொடுத்தவர் பக்கத்திலேயே இருக்கிறார், அவரே உங்களிடம் பேசுவார் சார், கொஞ்சம் இருங்கள் என்றாள். பிறகு சுருள் கம்பி நீளும் மட்டும் இழுத்து, ரிசீவரை ஹானிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க அக்கா. நான் சொன்னா அது காட்டிக் கொடுத்ததா ஆயிடும். நீங்க சொன்னா அப்படி இல்ல."

ஹான் ரிசீவரை வாங்கினாள். காதில் வைத்தாள். உள்ளிருந்து கெஸ்லரின் குரல் ஹலோ, ஹலோ என்று இரண்டு தடவை கேட்டது. அவள் உதடு அசைந்தது. ட்ரின் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நிமிடத்தில் அவள் எல்லாவற்றையும் மன்னித்துவிடத் தயாராக இருந்தாள் என்று மேபலுக்குத் தெரிந்தது.

ஹான் எழுந்து போய் ரிசீவரைச் சுவரில் மாட்டினாள். மாட்டிய கை அதன்மேலேயே இருந்தது.

"கொஞ்சம் யோசிச்சுப் பண்ணலாம்மா. நாளைக்கு நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கே" என்றாள்.

ட்ரின் கிட்டே போனாள். தொலைபேசி மேலிருந்த அந்தக் கையை, மேஜையில் சீட்டை விலக்குவதுபோல் மென்மையாகப் பிடித்து எடுத்து, ஓரமாக விட்டாள். மறுபடி அதே எண்ணை அழுத்தினாள். கெஸ்லர் வந்தார்.

இந்த முறை அவள் ரிசீவரை யாரிடமும் நீட்டவில்லை.